பிள்ளை பாத்துக்கிடுற வீட்டுக்கு ஸ்மோக் அலாரம் கட்டாயம் வேணும்

இப்ப பாளையங்கோட்டையில பெருமாள்புரம், மகாராஜ நகர், கேடிசி நகர்னு எந்தப் பக்கம் போனாலும் வீட்லயே வச்சு அடுத்தவங்க பிள்ளைங்கள பாத்துக்கிடுற பொம்பளைங்க இருக்கோம். டே கேர்னு போர்டு மாட்டினவங்க கொஞ்சப் பேர்தான், மத்தபடி "அந்த அக்கா நல்லா பாத்துக்கிடுவாவ"ன்னு ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர் கொண்டாந்து விடுறது. ஆஸ்பத்திரி ட்யூட்டிக்கு போற நர்ஸ், டீச்சர், பேங்க்ல வேல பாக்குறவங்க, ஊர்ல அம்மா மாமியார்னு யாரும் கூட இல்லாதவங்க, காலையில எட்டரைக்கு பிள்ளைய பையோட கையில குடுத்துட்டு சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போவாங்க. நானும் அப்படித்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். சோறு என்ன போடணும், எத்தன மணிக்கு தூங்க வைக்கணும், காய்ச்சல் அடிச்சா யாருக்கு போன் பண்ணணும், இதெல்லாம் அம்மாமார் விலாவாரியா கேப்பாங்க. வீட்ல தீப்பிடிச்சா என்ன செய்வீயன்னு என்ட்ட ஒருத்தர் கூட கேட்டதில்ல. அரசாங்கத்துலேர்ந்தும் யாரும் வந்து கேட்டதில்ல. அதனாலதான் இத எழுதுதேன். யாரும் கேக்கட்டும் கேக்காம போகட்டும், பிள்ளைங்க தூங்குற வீட்ல, புகை வந்தா தானா கத்துற ஸ்மோக் அலாரம் இருக்கணும், அதுவும் ஒண்ணோட ஒண்ணு சேந்து அடிக்கிற அலாரமா இருக்கணும், இதுல எனக்கு ரெண்டாவது பேச்சே கிடையாது.

எங்க பெரியம்மா மக ஆஸ்திரேலியாவுல பிரிஸ்பேன்ல இருக்கா, அங்க அவ வீட்லயே ஃபேமிலி டே கேர் நடத்துதா. அங்க ஒரு ஆளு வீட்ல வச்சு பாத்தா மொத்தம் 7 பிள்ளைங்கதான், அதுலயும் ஸ்கூல் போற வயசு ஆகாததுங்க 4 பேருக்கு மேல கூடாது. மூணு மாசத்துக்கு ஒரு தடவயாவது பிள்ளைங்களோட வெளிய போற ஒத்திகை பண்ணியே ஆகணும், எந்தப் பக்கமா வெளிய போகணும்னு படம் போட்டு ஒவ்வொரு வாசல் கிட்டயும் ஒட்டி வைக்கணும், இதெல்லாம் அவங்க நாட்டுச் சட்டத்துலயே இருக்கு. இது போக பிரிஸ்பேன் இருக்கிற குயின்ஸ்லாந்து மாநிலத்துல அலாரத்துக்கே தனியா சட்டம் போட்ருக்காங்க. 2017 ஜனவரி 1லேர்ந்து புதுசா கட்டுற வீடுகளுக்கு, 2022 ஜனவரி 1லேர்ந்து விக்கிற வீடு வாடகைக்கு விடுற வீடுகளுக்கு, 2027 ஜனவரி 1க்குள்ள மிச்சம் இருக்கிற எல்லா வீட்டுக்கும். ஒவ்வொரு பெட்ரூம்லயும் ஒண்ணு, பெட்ரூம்கள சேக்குற நடையில ஒண்ணு, மாடி இருந்தா மாடிக்கும் ஒண்ணு, எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேந்திருக்கணும், ஒண்ணு அடிச்சா எல்லாம் அடிக்கணும். அக்கா வீடு சொந்த வீடு, பழைய வீடு, அதனால 2027 கெடுவுல வருது, ஆனா பிள்ளைங்க இருக்கிற வீடுன்னு அவ அதுவரைக்கும் காத்திருக்கல, முன்னாடியே மாட்டிட்டா. மாட்டின அன்னைக்கு வீடியோ கால்ல காமிச்சுட்டு "ஏட்டி, உங்க வீட்ல எத்தன இருக்கு?"ன்னு கேட்டா. ஒண்ணு கூட இல்லக்கா, இந்த ஊர்ல எந்த வீட்லயும் கிடையாதுன்னேன். "ஊர்ல இல்லேன்னா என்ன, உன் வீட்ல பிள்ள இருக்குல்லா"ன்னா.

அந்தச் சட்டம் சும்மா வந்துடல. 2011 ஆகஸ்ட்ல பிரிஸ்பேன் பக்கத்துல லோகன்ல ஸ்லாக்ஸ் கிரீக்னு ஒரு இடம், அங்க ஒரே வீட்ல ராத்திரி தீப்பிடிச்சு 11 பேர் செத்துப் போனாங்க, பிள்ளைங்களும் அதுல உண்டு. அதுக்கப்புறம் நடந்த மரண விசாரணையிலதான் இந்த மாதிரி அலாரம் வேணும்னு சொல்லி சட்டமா வந்துச்சு. நமக்கு இந்தக் கத தெரியாததில்ல. 2004 ஜூலை 16, கும்பகோணம், 94 பிள்ளைங்க. சத்துணவு சமைக்கிற இடத்துல பிடிச்ச தீ கூரைக்கு ஏறிருச்சு, மாடியில இருந்த சின்னப் பிள்ளைங்களால எறங்கி வர முடியல. அந்த வருசம் டிவியில பாத்த யாருக்கும் அது மறக்காது. அதுக்குப் பிறகு பள்ளிக்கூடத்துல ஓலக்கூரை கூடாதுன்னு ஊர் ஊரா பிரிச்சுப் போட்டாங்க. ஸ்கூலுக்கு சரி, மூணு வயசு ஆகுற முன்ன பிள்ள இருக்கிறது எங்க? இந்த மாதிரி வீட்லதான. அடுப்பும் பிள்ளைங்களும் ஒரே கூரைக்கு கீழ இருக்கிறது இங்கயும் அப்படியேதான் இருக்கு.

நம்ம ஊரு வீடுங்க எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. முன்னாடி அழிக்கதவு, திண்ண இல்லேன்னா ஒரு சின்ன வராண்டா, பொறவு ஹால், ஒரு ரூம், இன்னொரு ரூம், கடைசியில அடுப்படி, அதுக்கும் பின்னால புறவாசல். ரயில் பெட்டி மாதிரி நீளமா போகும். பிள்ளைங்க முன் ரூம்ல தூங்கும், நான் மத்தியானம் பாத்திரம் கழுவிக்கிட்டு இல்லேன்னா பின்னால துணி காயப் போட்டுக்கிட்டு இருப்பேன். பைப் தண்ணி சத்தம், மிக்சி சத்தம், பக்கத்து வீட்டு டிவி, இதுக்கு நடுவுல முன் ரூம்ல ஒத்த அலாரம் கதவு சாத்தின உள்ள அடிச்சா என் காதுல எப்படி விழும்? அலாரம் சத்தம் 3 மீட்டர் தூரத்துல 85 டெசிபல் இருக்கணும்னு ஸ்டாண்டர்டு, பக்கத்துல இருந்தா காத அடைச்சுரும், ஆனா ரெண்டு சுவர் தாண்டி ஒரு கதவும் தாண்டி வந்தா அதே சத்தம் கிடையாது. அதனாலதான் சேந்து அடிக்கணும்னு சொல்லுதேன். முன் ரூம்ல புகை வந்தா அடுப்படி பக்கத்துல என் தலைக்கு மேல இருக்கிறதும் அடிக்கணும்.

பிள்ளைங்க முழிச்சுக்கிடும்லான்னு சிலர் கேக்காங்க. பெரும்பாலும் முழிக்காது. ஸ்காட்லாந்துல டண்டீ யுனிவர்சிட்டியும் இங்கிலாந்துல டெர்பிஷயர் தீயணைப்புத் துறையும் சேந்து 34 பிள்ளைங்கள வச்சு டெஸ்ட் பண்ணாங்க, அவங்கவங்க வீட்ல தூங்கிக்கிட்டு இருக்கும்போது அலாரத்த அடிக்க விட்டு பாத்தாங்க, 27 பிள்ளைங்க திரும்பத் திரும்ப அடிச்சும் எந்திரிக்கவே இல்ல. 2017ல இது வெளிய வந்துச்சு. அவ்வளவு ஆழ்ந்த தூக்கம் பிள்ளைங்களுக்கு. கைக்குழந்தை முழிச்சாலும் என்ன செய்யும், அழும், அவ்வளவுதான். அதனால இந்த அலாரம் பிள்ளைங்கள எழுப்புறதுக்கு இல்ல, என்னைய ஓட வைக்கிறதுக்கு. இத மனசுல வச்சுக்கிட்டா எங்க மாட்டணும் எத்தன மாட்டணும்ங்கிற கேள்விக்கெல்லாம் பதில் தானா வந்துரும்.

இன்னொண்ணு, நம்ம வீட்ல பகல்ல எதுலேர்ந்து தீ வரும்? எல்லாரும் கேஸ் கேஸ்னுதான் சொல்லுவாங்க. எனக்கு அதவிட பயம் கொசுவத்தி. தொட்டில் கட்டுறது பாத்திருப்பீங்க, பழைய நூல் சேலைய ரெண்டா மடிச்சு கொக்கியில போட்டு முடிச்சு, பிள்ளைய படுக்க வச்சா சேலையோட அடி தரையிலேர்ந்து ரெண்டு சாண் உயரத்துல தொங்கும். கொசு கடிக்குதேன்னு அந்தத் தொட்டிலுக்கு கீழயே கொசுவத்திய தகர ஸ்டாண்டுல வச்சு விடுவாங்க. மேல ஃபேன் ஓடும். சாம்பல் நீளமா நின்னு ஒடிஞ்சு விழும்போது கங்கோட சேந்து விழுந்தா காத்துல உருண்டு போயி பாயிலயோ தலகாணியிலயோ ஏறிக்கிடும். இலவம்பஞ்சுல கங்கு ஏறினா உடனே தீயா எரியாது, உள்ளுக்குள்ளயே கனிஞ்சுக்கிட்டு கெடக்கும், வெளிய பாத்தா லேசா மஞ்சப் புகை மட்டும் வரும், அந்தப் புகைதான் ஆள கொல்லுறது. தூங்குறவங்க மூக்கு அத மோந்து எழுப்பும்னு நம்பாதீங்க. எங்க வீட்ல கொசுவத்திய நிப்பாட்டிட்டேன், தொட்டிலுக்கு மேலேர்ந்து வலைதான். டெங்கு கொசு பகல்லதான் கடிக்கும், அதனால வல பகல்லயும் வேணும்.

இந்தக் கனியுற தீய பிடிக்கத்தான் எந்த வகை அலாரம்ங்கிறது முக்கியமாகுது. ரெண்டு வகை உண்டு. ஒண்ணு அயனைசேஷன், உள்ள அமெரிசியம் 241னு கதிரியக்கப் பொருள் துளி இருக்கும், குப்புன்னு எரியுற தீய சீக்கிரம் பிடிக்கும், கனியுற புகைக்கு லேட் ஆகும். இன்னொண்ணு ஃபோட்டோ எலெக்ட்ரிக், உள்ள ஒரு சின்ன லைட் இருக்கும், புகை உள்ள போனா லைட் சிதறி சென்சார்ல படும், உடனே அடிக்கும், கனியுற தீக்கு இதுதான் சீக்கிரம். குயின்ஸ்லாந்து சட்டத்துல ஃபோட்டோ எலெக்ட்ரிக்தான் மாட்டணும், அயனைசேஷன் சென்சார் சேந்தே இருக்கக் கூடாதுன்னு இருக்கு. கரண்ட்ல ஓடணும், இல்லேன்னா 10 வருசத்துக்கு கழட்டவே முடியாத பேட்டரி உள்ளயே இருக்கணும். அது ஏன்னு எனக்கு நல்லா புரியுது, பேட்டரி தீரப் போனா கீச் கீச்னு நிமிசத்துக்கு ஒரு தடவ கத்தும், அந்தச் சத்தம் தாங்காம பேட்டரிய உருவி டிவி ரிமோட் பக்கத்துல வச்சுட்டு மறந்துருவாங்க. நமக்கும் பேட்டரி வகைதான் தோது. மாசம் ஒரு நாள் மெயின்டனன்ஸ்னு காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் கரண்ட் கிடையாது, அன்னைக்கும் பிள்ளைங்க வரத்தான செய்யும்.

கடைக்குப் போனா ஒரு விசயம் கவனிங்க. ஜங்ஷன்ல ஒரு எலெக்ட்ரிக் கடையில ஸ்மோக் டிடெக்டர் இருக்கா அண்ணாச்சின்னு கேட்டேன், உடனே எடுத்துப் போட்டாவ, வெலையும் கொறச்சலா சொன்னாவ. கையில வாங்கி திருப்பிப் பாத்தா அதுல ஸ்பீக்கரும் இல்ல பேட்டரி போட இடமும் இல்ல. அது ஹோட்டல், ஆஸ்பத்திரி, பெரிய கடைகள்ல சுவத்துல ஒரு பேனல் வச்சு வயர் இழுத்து மாட்டுற வகை, புகை வந்தா அது பேனலுக்கு சொல்லும், பேனல்தான் அடிக்கும், பேனல் இல்லாத வீட்ல அது வாயே தெறக்காது. அத வாங்கி சீலிங்ல ஒட்டி வச்சுக்கிட்டு அலாரம் இருக்குன்னு நிம்மதியா இருக்கிறது ஒண்ணுமே இல்லாததவிட மோசம். அதனால தானே அடிக்கிற அலாரமான்னு கேளுங்க, டெஸ்ட் பட்டன் இருக்கணும், ஐரோப்பா ஸ்டாண்டர்டு EN 14604, இல்லேன்னா அமெரிக்கா ஸ்டாண்டர்டு யுஎல் 217, ரெண்டுல ஒண்ணு பெட்டியிலயும் அலாரம் மேலயும் போட்ருக்கணும். பின்பக்கம் தயாரிச்ச தேதி இருக்கும், அதுலேர்ந்து 10 வருசம்தான் ஆயுசு, நாம வாங்கின தேதியிலேர்ந்து இல்ல. வயர்லெஸ்ல சேருற மாடலா பாத்து எல்லாத்தையும் ஒரே கம்பெனியில வாங்கிருங்க, வேற வேற கம்பெனி ஒண்ணோட ஒண்ணு பேசாது. கேஸ் லீக் டிடெக்டர காமிச்சு இதும் அதும் ஒண்ணுதான்னு சொல்லுறவங்களும் உண்டு. ஒண்ணு இல்ல. சிலிண்டர்ல வர்ற சமையல் கேஸ் காத்தவிட கனம், கீழ எறங்கும், அந்தக் கருவிய தரைக்கு பக்கத்துல வைக்கணும். புகை மேல ஏறும், அலாரம் சீலிங்ல இருக்கணும்.

சீலிங்ல எங்கங்கிறதுலதான் எங்க வீட்ல பெரிய பேச்சு நடந்துச்சு. எலெக்ட்ரீசியன் தம்பி ஏணிய போட்டதுமே "ஃபேன் பக்கத்துல வயர் இருக்குக்கா, அங்கன மாட்டுனா பாக்க நீட்டா இருக்கும்"னான். இது வயர் இல்லாத அலாரம் தம்பி, ஃபேன் பக்கத்துல வச்சா காத்து புகைய அடிச்சு வெரட்டிரும், சென்சாருக்குள்ள போகவே போகாதுன்னு சொன்னேன். குயின்ஸ்லாந்து கணக்குல ஃபேன் ரெக்கை நுனியிலேர்ந்து 400 மில்லிமீட்டர் தள்ளணும், ஏசி காத்து வர்ற வாயிலேர்ந்தும் 400, லைட்லேர்ந்து 300, சுவரும் சீலிங்கும் சேருற மூலையிலேர்ந்து 300. ஃபேனுக்கு மட்டும் நான் இன்னும் தாராளமா 3 அடி விடலாம்னு பாத்தேன், அத நம்ம பத்துக்குப் பத்து ரூம்ல போட்டுப் பாருங்க. நடுவுல 48 இஞ்ச் ஃபேன், ரெக்கை நுனி நடுவுலேர்ந்து 2 அடி. அதுலேர்ந்து 3 அடி தள்ளுனா 5 அடி. ரூமோட பாதியும் 5 அடிதான், நேரா போனா சுவத்துல போயி முட்டுது. எடமே இல்லையேன்னு தம்பி எறங்கப் பாத்தான். மூலைய பாத்து குறுக்க போனா எடம் இருக்கு, ரெண்டு சுவத்துலேர்ந்தும் ஒவ்வொரு அடி விட்டா ஃபேன் நடுவுலேர்ந்து அஞ்சரை அடிக்கு மேலயே வருது. டேப்ப பிடிச்சு அளந்து பாத்து அங்கனதான் மாட்டினோம். ஓட்டு வீடா இருந்தா சரிவோட உச்சிக்கு பக்கத்துல, ஆனா உச்சி முனையில இல்லாம ஒரு 4 இஞ்ச் கீழ எறக்கி, 3 அடிக்குள்ள வைக்கணும், முனையில காத்து தேங்கி நின்னு புகை அங்க போகாதாம்.

அடுப்படிக்குள்ள ஸ்மோக் அலாரம் வைக்காதீங்க. வத்தல் வறுத்தா, கடுகு தாளிச்சா, தோசக்கல்லு காஞ்சு எண்ணெய் புகைஞ்சா, எல்லாத்துக்கும் அடிக்கும், ரெண்டு நாள்ல வெறுத்துப் போயி கழட்டி பரண்ல போட்டுருவோம். அடுப்புலேர்ந்து ஒரு 10 அடியாவது தள்ளி, நடையில வைங்க. சாம்பிராணிக்கும் அடிக்கும், அத நான் முன்னாடியே சொல்லிருதேன், ஏன்னா பிள்ளைய குளிப்பாட்டி சாம்பிராணி புகை காட்டாம எங்க அத்தை விட மாட்டாவ, தலையில நீர் கோத்துக்கிடும்னு ஒரே பிடியா நிப்பாவ. நான் அவங்கட்ட வாதாடல, கங்குச் சட்டிய புறவாசல்ல வச்சு அங்கனயே காட்டிட்டு சட்டியில தண்ணி ஊத்திட்டு உள்ள வந்தா போதும் அத்தைன்னேன். இப்ப அவங்களே அந்தச் சட்டிய உள்ள கொண்டு வர்றதில்ல, அலாரம் அடிச்சா தூங்குற பிள்ள பயப்படும்னு பக்கத்து வீட்டு ஆச்சிக்கும் சொல்லுதாவ. பிள்ள பயப்படாது, தூங்கும்னு மேல எழுதினேன், இருந்தாலும் கங்கு வெளிய இருந்தா சரி.

நம்ம பக்கத்துக்குன்னு ஒரு தொல்லை உண்டு, ஆனி ஆடி காத்து. சன்னல தெறந்து வச்சா செம்மண் தூசி சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வந்துரும், அலாரத்துக்குள்ளயும் போகும், சென்சார்ல தூசி படிஞ்சா சும்மா சும்மா அடிக்கும் இல்லேன்னா புகையே தெரியாமப் போகும். சிலந்தி உள்ள போயி கூடு கட்டினாலும் அப்படித்தான். ஒரு மென்மையான பிரஷ் வச்சு வெளிய தொடச்சு விடுங்க, வாக்குவம் இருந்தா அத காமிங்க, தண்ணித் துணி வேண்டாம். மாசத்துக்கு ஒரு தடவ டெஸ்ட் பட்டன அமுக்கணும். நான் பட்டன அமுக்கும்போது ஒரு ரூம்ல அமுக்கிட்டு எல்லா ரூம்லயும் அடிக்குதான்னு நடந்து பாப்பேன், சேந்து அடிக்குதாங்கிறதுதான முக்கியம்.

அடிச்சதுக்கு அப்புறம் என்னங்கிறது அலாரத்தவிட பெருசு. திருட்டு பயத்துக்கும் பிள்ள ரோட்டுக்கு ஓடிரும்ங்கிற பயத்துக்கும் பகல்ல அழிக்கதவ பூட்டித்தான் வச்சிருப்போம், எல்லா வீட்லயும் அப்படித்தான், சாவி ஃப்ரிட்ஜ் மேல, சாமி ரூம்ல, கைப்பையில, எங்கெல்லாமோ கெடக்கும். புகைக்குள்ள நின்னுக்கிட்டு சாவி தேட முடியுமா? எங்க வீட்ல அழிக்கதவுக்கு இப்ப பூட்டே இல்ல, உள்பக்கமா மேல கொண்டி, பெரிய ஆளு கைக்கு எட்டும், பிள்ளைக்கு எட்டாது. புறவாசலுக்கும் அப்படித்தான், ஏன்னா அடுப்படியில தீன்னா முன்னால போகலாம், முன்னால தீன்னா பின்னால போக வழி வேணும். நடக்கத் தெரியாததுங்கள வாசலுக்கு பக்கத்துலயும் நடக்குறதுங்கள அதுக்கு அடுத்தும் படுக்க வைக்கிறேன், தூக்க வேண்டியதுங்க வழியிலயே இருக்கணும். ரெண்டு கையில எத்தன பிள்ளைய தூக்க முடியுமோ அதுதான் நடக்கத் தெரியாத பிள்ளைங்களுக்கு என் கணக்கு, அதுக்கு மேல யார் கேட்டாலும் எடுத்துக்கிடுறதில்ல, வருமானம் கொறைஞ்சாலும் பரவால்ல. நடக்குறதுங்களுக்கு வெளையாட்டா சொல்லிக் குடுத்திருக்கேன், ஒரு கயித்துல முடிச்சு முடிச்சா போட்டு வச்சிருக்கேன், அலாரத்த அமுக்கினதும் ஆளுக்கொரு முடிச்ச பிடிச்சுக்கிட்டு கயித்தோட எதுத்த வீட்டு வேப்பமரத்துக்கு போகணும், அங்க வச்சு தலைய எண்ணுவேன், வருகைப் பதிவு நோட்டு வாசல்ல தொங்கும், போற போக்குல எடுத்துக்கிடுவேன். போனது போனதுதான், பை செருப்புன்னு எதுக்கும் திரும்ப உள்ள போகக் கூடாது. 101க்கு வெளிய நின்னுதான் போன் பண்ணணும், 112ம் உண்டு. தெரு பேரு, பக்கத்துல என்ன கோயில் என்ன கடைன்னு ஒரு அட்டையில எழுதி நோட்டுக்குள்ளயே வச்சிருக்கேன், பதட்டத்துல சொந்தத் தெரு பேரே வாயில வராது.

பிள்ளைய எங்கயாவது விடப் போற அம்மாமாருக்கும் சொல்லுதேன், அந்த வீட்டுக்குப் போனா அண்ணாந்து சீலிங்க பாருங்க. அலாரம் இருந்தா, ஒரு தடவ அமுக்கிக் காட்டுங்கன்னு கேளுங்க, கேக்க கூச்சப்படாதீங்க, நல்லா பாத்துக்கிடுறவங்க கோவப்பட மாட்டாங்க. பகல்ல கதவு பூட்டிருக்கா, சாவி எங்க, பிள்ள எந்த ரூம்ல தூங்கும், அந்த ரூம்ல பிளக் பாயிண்ட்ல என்னென்ன சொருகிக் கெடக்கு, இதயும் கேளுங்க. இல்லேன்னு சொன்னா உடனே பிள்ளைய வேற எடத்துக்கு மாத்த வேண்டாம், நாலஞ்சு அம்மாமார் சேந்து ஆளுக்கு கொஞ்சம் போட்டு வாங்கிக் குடுங்க. மகாராஜ நகர்ல எனக்குத் தெரிஞ்ச ஒரு மைனி வீட்டுக்கு அப்படித்தான் வந்துச்சு, அவங்க கையில அந்த மாசம் காசு இல்ல, பிள்ளைங்கள விடுற அம்மாமாரே வாங்கிட்டு வந்து ஒரு ஞாயித்துக்கிழம மாட்டிட்டுப் போனாங்க.

எங்க வீட்ல இன்னும் ஒண்ணு பாக்கி, அடுப்படிக்கு ஹீட் அலாரம். அது புகைய பாக்காது, சூடு ஏறுனாத்தான் அடிக்கும், அதனால தாளிப்புக்கெல்லாம் கத்தாது. நான் வாங்கின கம்பெனியிலயே சேந்து அடிக்கிற மாடல் இங்க கடையில கெடைக்கல, சொல்லி வச்சிருக்கேன். அது வர்ற வரைக்கும் பிள்ளைங்க தூங்குற நேரம் அடுப்பு எரியுறதில்ல, பதினொன்ற மணிக்குள்ள சமையல முடிச்சு ரெகுலேட்டர அடைச்சிருதேன், மதியம் சூடு பண்ணணும்னா அத்தை அடுப்பு பக்கத்துலயே நிப்பாவ.